தாய் துஞ்சாமை

ஜப்பானியக் காதலர் விடுதிகளில் என்னை மயக்கியது சுழலும் கட்டில் அல்ல, பணம் வாங்கும் சன்னல். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கை மட்டும் தெரிகிற மாதிரி அதைத் தாழ்வாக வைத்து, மேலே மறைத்துவிடுகிறார்கள். சாவி வரும், மீதிச் சில்லறை வரும், முகம் மட்டும் வராது. நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மனுகாவ் நூலகத்தில் ஒரு படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது இது கண்ணில் பட்டது. இந்த வயதில் ஒரு கிழவி உட்கார்ந்து இதையெல்லாம் படிக்கிறாளே என்று பக்கத்து மேசைக்காரர் நினைத்திருப்பார். நினைக்கட்டும். உறையூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்தியவள் நான். களவு, அதாவது ஊரறியாத காதல், என்ற சொல்லைக் கேட்டுக் கூசுகிறவர்கள் சங்க இலக்கியம் நடத்த முடியாது.

அந்தச் சன்னலுக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. தோக்கியோ எடோவாக இருந்த காலத்திலேயே உயேனோ பக்கம் ஷினோபாசு குளக்கரையில் சந்திப்புக்கென்றே தேநீர்க் கடைகள் இருந்தன. ஒரு வழியாக வந்து இன்னொரு வழியாகப் போய்விடலாம். யுத்தம் முடிந்தபின் வீட்டுப் பஞ்சம். 1955இல் அரசு ஒரு வீட்டுவசதிக் கழகம் வைத்து வரிசை வரிசையாக அடுக்குமாடிகள் கட்டியது. இரண்டு அறை, ஒரு சமையலறை. அறைக்கும் அறைக்கும் நடுவே காகிதம் ஒட்டிய தள்ளுகதவு. அதற்குள் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள், சில வீடுகளில் மாமியாரும். அதனால் அந்த விடுதிகளுக்குப் போனவர்கள் எல்லாம் ஓடிப்போகிற ஜோடிகள் என்று நினைத்துவிட வேண்டாம். தாலி கட்டியவர்களும் (அங்கே தாலி கிடையாது, இருந்தாலும் சொல்கிறேன்) நிறையப் பேர் போனார்கள்.

பிறகு காசு புழங்கியது, கற்பனையும் கூடவே புழங்கியது. 1973இல் தோக்கியோவில் மெகுரோ எம்பரர் என்று கோட்டை வடிவத்தில் ஒரு விடுதி எழும்பியது. ஐரோப்பியக் கொத்தளம், கோபுரம் எல்லாம் உண்டு. அதைப் பார்த்து ஊர் ஊராகக் கோட்டைகளும் கப்பல்களும் முளைத்தன. உள்ளே கட்டில் சுழன்றது, கூரையில் கண்ணாடி பதித்தார்கள். அரசாங்கம் சும்மா இருக்குமா? 1985இல் திருத்திய சட்டம் நடைமுறைக்கு வந்தது. சுழலும் கட்டிலும் பெரிய கண்ணாடியும் வைத்தால் அது பாலியல் தொழில் வகைப்பட்ட விடுதி, காவல் துறையின் கண்காணிப்பில் வரும். வைக்காவிட்டால் சாதாரண விடுதி. முதலாளிகள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். புதிதாகக் கட்டியவற்றில் கட்டில் நின்றுவிட்டது, கண்ணாடி போய்விட்டது.

போகாமல் நின்றவைதான் எனக்கு முக்கியம். நுழைந்ததும் சுவரில் அறைகளின் படங்கள். விளக்கு எரிந்தால் காலி, அணைந்திருந்தால் ஆள் இருக்கிறது. பொத்தானை அழுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான். கார் நிறுத்துமிடத்தின் வாயிலில் நீளநீளமான திரை. சில இடங்களில் கார் எண்ணை மறைக்கத் தனியாக ஒரு பலகையே தருகிறார்கள். காசைக் குழாய்க்குள் போட்டால் காற்றே அதை உறிஞ்சிக்கொண்டு கல்லாவுக்குப் போகும் ஏற்பாடுகூட இருந்தது, இப்போது எந்திரம். ஓய்வு என்றால் இரண்டு மூன்று மணி நேரம், தங்கல் என்றால் ராத்திரி முழுக்க. மற்றக் கட்டடங்களில் வரவேற்பறை என்பது வந்தவரைப் பார்ப்பதற்கு. இங்கே பார்க்காமல் இருப்பதற்காக ஒரு வரவேற்பறையை வரைந்திருக்கிறார்கள். அதை வரைந்தவருக்கு யாராவது பொன்னாடை போர்த்தியிருக்க வேண்டும்.

இதைப் படிக்கப் படிக்க எனக்குப் பரணர் ஞாபகம் வந்துவிட்டார். அகநானூற்றில் நூற்றிருபத்திரண்டாம் பாட்டு. நம் அகப்பொருள் இலக்கணக்காரர்கள் எதையும் எண்ணாமல் விடமாட்டார்கள். காதலர் சந்திக்கும் இடத்துக்குக் குறி என்று பெயர் வைத்து, பகலில் சந்தித்தால் பகற்குறி, இரவில் சந்தித்தால் இரவுக்குறி என்று பிரித்தார்கள். இரவுக்குறி எங்கே இருக்க வேண்டும் என்பதற்குத் தொல்காப்பியத்தில் விதி உண்டு. மனையின் எல்லைக்குள்ளேயே, வீட்டார் பேசுவது காதில் விழுகிற தூரத்தில், ஆனால் வீட்டுக்குள் புகாமல். இவ்வளவு துல்லியமாக இடம் குறித்துக் கொடுத்தவர்களைக் கட்டடக்காரர்கள் என்று ஏன் சொல்லக்கூடாது? அதோடு விடாமல் இரவுக்குறிக்கு வரும் இடையூறுகளையும் ஏழாக எண்ணி வைத்தார்கள்: தாய் துஞ்சாமை, நாய் துஞ்சாமை, ஊர் துஞ்சாமை, காவலர் கடுகுதல், நிலவு வெளிப்படுதல், கூகை குழறுதல், கோழி குரல் காட்டுதல்.

பரணர் இந்த ஏழையும் ஒரே பாட்டுக்குள் நிறுத்துகிறார். பட்டியலாக அல்ல, ஒன்றின்மேல் ஒன்றாக. இந்த ஊர் திருவிழா இல்லாத நாளிலும் தூங்காத ஊர். சரி, கடைத்தெரு அடங்கிவிட்டது என்றால் அம்மா தூங்கமாட்டாள். அம்மா கண் அயர்ந்தால் காவல்காரர்கள் சுற்றி வருவார்கள். அவர்களும் ஓய்ந்தால் நாய் குரைக்கும். நாய் படுத்துவிட்டால் நிலா பகல் மாதிரி காயும். நிலா மலைக்குப் பின்னால் இறங்கி இருட்டு கவிந்தால் கூகை அலறும். கூகை சும்மா இருந்தால் சேவல் கூவிவிடும். தலைவி தோழியிடம் இப்படி அடுக்கிக்கொண்டே வருகிறாள். கேட்பவளுக்குச் சிரிப்பு வரும், அவளுக்கோ அழுகை வருகிற நேரம். கடைசியில் ஒருநாள் ஏழும் தூங்கிவிட்டன. அன்றைக்குப் பார்த்து அவன் வரவில்லை. நம் களவு அரசன் தித்தனின் உறந்தையைச் சூழ்ந்த காவற்காடு மாதிரி முட்டுக்கட்டை நிறைந்தது என்று முடிக்கிறாள்.

உறந்தை என்பது எங்கள் உறையூர்தான். பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு, காவற்காடு எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

இப்போது விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்க்குப் பதில், முகம் தெரியாத சன்னல். ஊருக்குப் பதில், வேறுவேறு வாசல். எண்ணைப் படிக்கும் தெருக் கண்களை நாய் என்று வைத்துக்கொண்டால் அதற்குத் திரையும் பலகையும். நிலவு உள்ளே வராமல் சன்னல்களை அடைத்தே வைத்திருப்பார்கள். கூகை வெளியே எவ்வளவு குழறினாலும் உள்ளே கேட்காத கனத்த சுவர். காவலருக்குப் பதிலாகத்தான் சுழலும் கட்டிலைப் பலி கொடுத்தார்கள். கோழியை மட்டும் ஜப்பான்காரர்களாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. நேரம் முடியப்போகிறது என்றால் அறையில் தொலைபேசி அடிக்கும்.

அவன் வராமல் போவதற்கு எந்தக் கட்டடக்காரரிடமும் மருந்து இல்லை.

நம் ஊரில் இதில் ஒன்றையும் கட்டவில்லை. சென்னைப் பிள்ளைகளுக்கு மெரினாவில் படகு நிழல்தான் பகற்குறி. அங்கேயும் காவலர் குதிரைமேல் ஏறியே கடுகுகிறார். லாட்ஜ் என்றால் முகம் மறைக்கும் சன்னலுக்கு நேர் எதிர். மேசை, அதன்மேல் நீளமான ரெஜிஸ்டர், ரெஜிஸ்டருக்குப் பின்னால் மேனேஜர், மேனேஜருக்குத் தலைக்கு மேலே சாமி படம்.

எங்களுக்குக் கல்யாணமான புதிது. உறையூர் வீட்டில் ஒரு கூடம், இரண்டு அறை. ஓர் அறையில் நெல் மூட்டை. மாமியார், மாமனார், கொழுந்தன்கள், கல்யாணமாகாத நாத்தனார். நாங்கள் பேசுவதெல்லாம் கிசுகிசுப்புதான். மாவு ஆட்ட வேண்டும் என்பதைக்கூட ரகசியம் போலச் சொல்லிப் பழகிவிட்டோம். ஒருநாள் கும்பகோணத்தில் சாமி பார்த்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பினோம். சாமியும் பார்த்தோம், பொய் சொல்லக்கூடாது. உச்சி வெயிலுக்கு ஒரு லாட்ஜில் அறை கேட்டார் அவர். மேனேஜர் முதலில் என் கழுத்தைப் பார்த்தார். பிறகு ரெஜிஸ்டரைத் திருப்பி, உறவு என்ற கட்டத்தில் மனைவி என்று தானே எழுதிக்கொண்டார். அவர் எழுதிய பிறகுதான் நான் மனைவியானேன் போலிருந்தது. எனக்கு முகம் எரிந்தது. அறையில் ஒரு மின்விசிறி, கிறீச்சிடும் கட்டில், போன வருஷத்து நாட்காட்டி. கதவைச் சாத்தியதும் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சண்டை போட்டோம். முதல்முறையாக வாய்விட்டு, முழுக் குரலில், என் தம்பி கல்யாணத்துக்குச் செய்த சீரைப் பற்றி. அவர் கத்தினார், நான் இன்னும் கத்தினேன். எத்தனை மாதமாக அடக்கி வைத்தது! சாயங்காலம் இருவரும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினோம். அந்த லாட்ஜ் வாடகைக்கு அவ்வளவு பெறுமானம் வேறு எதிலும் எங்களுக்குக் கிடைத்ததில்லை.

தாலியும் இல்லாதவர்கள் பாடு என்னவாகும்? 2019இல் கோயம்புத்தூரில் நாள்வாடகைக்கு விடும் ஒரு குடியிருப்பை அதிகாரிகள் சீல் வைத்தார்கள். மணமாகாத ஒரு ஜோடி தங்கியிருந்தது, வேறோர் அறையில் மது பாட்டில் இருந்தது என்பது குற்றச்சாட்டு. அந்த ஆண்டுக் கடைசியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். ரமேஷ், மணமாகாத ஆணும் பெண்ணும் விடுதி அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று சொல்லி, சீலை நீக்க உத்தரவிட்டார். இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம். அதற்கு ஓர் உயர் நீதிமன்றம் வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் ஓயோ விடுதி நிறுவனம் மீரட் நகரத்தில் ஜோடிகளிடம் உறவுக்குச் சான்று கேட்கத் தொடங்கியது. ரெஜிஸ்டரின் அந்தக் கட்டம் எவ்வளவு கெட்டியானது பாருங்கள்.

இங்கே மனுகாவில் காதலர் விடுதி என்று பலகை போட்ட கட்டடம் எதையும் நான் பார்த்ததில்லை. மோட்டல்கள் இருக்கின்றன, கிரேட் சவுத் சாலை நெடுகிலும். 1860களின் தொடக்கத்தில் மாவோரிகளின் வைக்காட்டோ மீது படையெடுக்கச் சிப்பாய்கள் வெட்டிய சாலை அது. இன்று அதில் வாடகைக்கு அறை. வெலிங்டனிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைப் பார்க்க ஒரு மோட்டலுக்குப் போயிருந்தேன். சாவியோடு ஒரு குட்டிப் பால் பாட்டிலையும் கொடுத்தார்கள். நீல மூடியா, பச்சை மூடியா என்பதுதான் மேசைக்காரி கேட்ட கேள்வி. இவர் உங்களுக்கு என்ன வேணும் என்று அவள் கேட்கவே இல்லை. நியூசிலாந்து எனக்குப் பிடித்துப்போன நாள் அது.

ஆனால் அந்த மோட்டல்களுக்கு வேறொரு முகமும் உண்டு. 2016க்குப் பிறகு வீடில்லாத குடும்பங்களை அரசு வாடகை கொடுத்து மோட்டல்களில் தங்கவைத்தது. சில இரவுகளுக்கு என்று தொடங்கியது, பலருக்கு மாதக்கணக்கில் நீண்டது. 2016 குளிர்காலத்தில்தான் மாங்கரே பிரிட்ஜில் உள்ள தே புயேயா மராய் என்ற மாவோரிச் சமூகக் கூடம் வீடற்றவர்களுக்குக் கதவைத் திறந்தது. மராயில் எல்லோரும் ஒரே கூடத்தில் படுப்பது மாவோரிகளின் மரபு, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி நம் மண்டபத்தில் படுப்பதுபோல. அது விரும்பிப் படுப்பது. மோட்டல் அறையில் தாய், தகப்பன், நாலு பிள்ளைகள் என்று படுப்பது கதியில்லாமல் படுப்பது. தோக்கியோவில் வீடு போதாமல் தம்பதி விடுதிக்குப் போனார்கள், இரண்டு மணி நேரம் கழித்து வீடு திரும்பினார்கள். இங்கே குடும்பமே விடுதிக்குப் போனது, திரும்ப வீடு இல்லை. அந்தப் பெற்றோர் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேச எங்கே போயிருப்பார்கள்? கார்தான். மவுண்ட் ஈடன் உச்சிக்குக் கார் ஏறுவதைக்கூட 2016இல் நிறுத்திவிட்டார்கள். மலை மாவோரிகளுக்குப் புனிதம், நிறுத்தியது நியாயம்தான். ஆனாலும் ஆக்லாந்துக்காரர்களுக்கு ஓர் இரவுக்குறி குறைந்தது.

என் மகன் வீட்டுக்கு வருகிறேன். மரச்சட்டம் அடித்து இரண்டு பக்கமும் ஜிப் போர்டு என்னும் ஜிப்சம் பலகை பதித்த சுவர்கள். விரலால் தட்டினால் டொக் என்னும். அடுத்த அறையில் மருமகள் கைப்பேசியைச் சார்ஜில் போடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கும் என்றால், நான் இருமுவது அவர்களுக்குக் கேட்காதா? ராத்திரி ஒரு மணிக்கு என் கண் விழித்துக்கொள்கிறது. வயசு. விளக்கைப் போட்டால் கதவிடுக்கில் வெளிச்சம் போகும். பரணர் பாட்டில் எத்தனையோ வருஷம் தலைவியின் பக்கமே நின்று பாடம் நடத்திவிட்டேன். இந்த வீட்டில் எனக்குக் கிடைத்திருக்கும் பாத்திரம் வேறு. ஏழு இடையூறுகளில் முதலாவது.

2025 செப்டம்பரிலிருந்து பெற்றோர் ஐந்து வருஷம் வரை வந்து தங்கும் விசா கொடுக்கிறார்கள். என்னைப் போல இன்னும் நிறைய அம்மாக்கள் வரப்போகிறீர்கள். வந்ததும் ஒரு பஸ் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மத்தியானம் நூலகத்துக்கோ கோயிலுக்கோ கிளம்பிவிடுங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, அதற்கு அரை மணி நேரம் கழித்து வாருங்கள். எங்கே போனீர்கள் என்று அவர்கள் கேட்டால் சொல்லுங்கள். வீட்டில் என்ன செய்தீர்கள் என்று நீங்கள் கேட்காதீர்கள்.