கொடித்துண்டு

மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளையில் ஒரு வீட்டு வளவு. கிளிரிசிடியா மரங்களைப் பற்றி ஏறிய மிளகுக் கொடிகளில் ஒன்று மட்டும் நோஞ்சான். கணுவுக்குக் கணு நெருக்கம். இலை சிறுத்து, தடித்து, மஞ்சள் திட்டு விழுந்திருக்கிறது. சரம் விரல் நீளம்கூட இல்லை. அதிலும் மணி பிடிக்காத இடமே அதிகம்.

வேலியோரம் பேச்சு.

“நல்லா காய்க்கிற கொடியாப் பாத்து நாலு துண்டு வெட்டித் தாங்களேன் அக்கா.”

“அந்த நோய்க்கொடி வேணாம். பக்கத்துல இருக்கறதுல வெட்டிக்க தங்கச்சி.”

இலைக்காம்பின் அடியில் மாவுப்பூச்சிகள், அவற்றைச் சுற்றி எறும்பு. மிளகின் மஞ்சள் திட்டு வைரஸை மாவுப்பூச்சிகள் கொடிக்குக் கொடி கொண்டுபோகும். வெள்ளரித் தேமல் வைரஸுக்கு வாகனம் அழுக்கணவன். இரண்டுமே இலங்கை மிளகில் இருப்பதை 2002இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

செடி சும்மா விட்டுக்கொடுப்பதில்லை. வெள்ளரித் தேமல் பெருகும்போது உண்டாகும் ஈரிழை ஆர்.என்.ஏ.வை டைசர் என்ற நொதி 21, 22 எழுத்துத் துணுக்குகளாக நறுக்குகிறது. ஆர்கோனாட் என்ற புரதம் அத்துணுக்கை வைத்துக்கொண்டு, தேடப்படுபவனின் படத்தோடு சோதனைச் சாவடியில் நிற்கும் பொலிஸ்காரன் மாதிரி, பொருந்துகிற வைரஸ் இழையைக் கண்டதும் வெட்டுகிறது.

வைரஸிடம் இதை முறியடிக்கவென்றே 2பி என்றொரு புரதம் உண்டு. சுமார் 110 அமினோ அமிலம்தான். புரதக் கணக்கில் பொடிசு. துணுக்குகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, ஆர்கோனாட்டை முடக்குகிறது. எச்சரிக்கை தூரத்து இலைகளுக்குப் போகாமலும் தடுக்கிறது. இந்த மூன்றாவது வேலைதான் எனக்கு மகா கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது: புது இலை, தனக்கு ஆபத்து வருவதே தெரியாமல் விரிகிறது.

நோய் புகுந்த கொடியைக் குணமாக்க மருந்து கிடையாது. பிடுங்கி எரிப்பதுதான். ஆனால் எதைப் பிடுங்குவது? வைரஸ் உள்ளே இருந்தும் வெளியே காட்டாத கொடிகள் உண்டு. ஆய்வுகூடத்தில் பார்த்தால்தான் தெரியும். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கிறது. வேலியோரக் கொடுக்கல் வாங்கல் அந்தப் பக்கம் போவதில்லை.

அக்கா பக்கத்துக் கொடியில் கத்தியை வைக்கிறாள். இலை கரும்பச்சை, ஒரு புள்ளிகூட இல்லை. தங்கச்சி துண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றுகிறாள்.

“எவ்வளவு தர அக்கா?”

“போடி, கொடிக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா? உன் அண்ணி வீட்டுக்கும் ரெண்டு கொண்டு போ.”