விலையும் மதிப்பும்

எங்கள் ஊரான செரண்டாவை அடுத்த சுங்கை சோவில் பெரோடுவா நிறுவனத்தின் மகிழுந்துத் தொழிற்சாலை அமைந்துள்ளது. புதிய மகிழுந்துகள் அங்கிருந்து வெளிவந்துகொண்டே இருக்கின்றன. ஆனாலும், எங்கள் வட்டார இளைஞர்கள் பலர் ஆசையோடு பேசுவது பழைய மகிழுந்துகளைப் பற்றித்தான்.

அவற்றுள் ஒன்று புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. 1998ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இந்த மூன்று கதவு மகிழுந்தில் 1.8 லிட்டர் இயந்திரம் இருந்தது. சாதாரண சத்ரியாவில் 1.3, 1.5, 1.6 லிட்டர் இயந்திரங்களே பொருத்தப்பட்டன. பின்னர், 2004ஆம் ஆண்டில் ஜிடிஐயை மேம்படுத்தி, ‘ஆர்3’ என்னும் பெயரில் 150 மகிழுந்துகள் மட்டுமே தயாரிக்கப்பட்டன. குறைவாக உள்ள பொருளைப் பலர் விரும்பும்போது விலை ஏறும். விலை ஏறினால் போலிகளும் வரும். சாதாரண சத்ரியாவில் ஜிடிஐயின் பம்பரையும் சின்னத்தையும் பொருத்துவது கடினமான வேலை அன்று.

இச்சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் போன்டியாக் நிறுவனம் ‘ஜிடிஓ’ என்னும் ஆற்றல்மிக்க மகிழுந்தை அறிமுகப்படுத்தியது. முதல் இரண்டு ஆண்டுகளில் அது தனி வகையாக இல்லை. ‘லெமான்ஸ்’ வகையை வாங்குவோர் கூடுதல் பணம் கொடுத்துப் பெறும் தொகுப்பாகவே இருந்தது. அதனால், அவ்வாண்டுகளில் தயாரான மகிழுந்தின் அடிச்சட்ட எண்ணை மட்டும் பார்த்து, அது ஜிடிஓதான் என்று உறுதி செய்ய இயலாது. 1966 முதல்தான் 242 என்று தொடங்கும் எண் அதற்கு வழங்கப்பட்டது. ஆகவே, முந்திய ஆண்டுகளின் ஜிடிஓவை வாங்கும் விவரமறிந்தோர், தொழிற்சாலைப் பதிவேட்டின் நகலைப் பார்த்த பிறகே விலை பேசுவர்.

சென்ற ஆண்டு என் அக்காள் மகன் சிவப்பு நிறச் சத்ரியா ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தான்.

“மாமா, அசல் ஜிடிஐ! 35,000 ரிங்கிட் கேட்கிறார்கள். இப்போது விட்டால் இனிக் கிடைக்காதாம்” என்றான்.

அவனிடம் இருந்த பணம், தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அக்காள் தம் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்து, வீட்டின் முன்பணத்திற்காகக் கொடுத்து வைத்தது. நான் வேண்டாமென்று சொல்லவில்லை. மூன்று கேள்விகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

முதலாவது, மகிழுந்தின் அடிச்சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் உரிமைப் பத்திரத்தோடு ஒத்திருக்கின்றனவா? இரண்டாவது, இதே வகை மகிழுந்தை அண்மையில் வாங்கியவர்கள் உண்மையில் கொடுத்த தொகை எவ்வளவு? விற்பவர் கேட்கும் விலை அவருடைய ஆசை. வாங்கியவர் கொடுத்த விலையே சந்தை நிலவரம். மூன்றாவது, துருவை நீக்கவும் உதிரிப்பாகங்களை வாங்கவும் இன்னும் எவ்வளவு செலவாகும்?

முதல் கேள்வியிலேயே விடை கிடைத்துவிட்டது. உள்ளே இருந்தது 1.8 லிட்டர் இயந்திரம். பத்திரத்தில் இருந்ததோ 1.3 லிட்டர். இயந்திரத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியைப் பெற வேண்டும். எண்கள் ஒத்துவராத மகிழுந்து, உரிமை மாற்றத்திற்கான சோதனையில் தேறாது.

“ஓட்டிப் பாருங்கள், அசலைப் போலவே இருக்கும்” என்றாராம் விற்பவர்.

அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அசலைப் போல் அமைத்த மகிழுந்தை விரும்பி ஓட்டுவதில் தவறில்லை. மாற்றத்தை முறையாகப் பதிவு செய்து, ‘இது மாற்றி அமைத்தது’ என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் அது நேர்மையான வணிகம். அசலின் பெயரைச் சொல்லி அசலின் விலையைக் கேட்பதுதான் ஏமாற்று.

சில வாரங்கள் முகவாட்டத்தோடு இருந்த அவன், இன்று நண்பர்கள் மகிழுந்து வாங்கச் செல்லும்போது பத்திரத்தைப் படித்துப் பார்க்கும் துணையாகச் செல்கிறான். அக்காளின் பணம் வங்கியில் பத்திரமாக இருக்கிறது.

மாணவர்களே, நாளை நீங்கள் வாங்குவது கைப்பேசியாகவோ மோட்டார் சைக்கிளாகவோ வீடாகவோ இருக்கலாம். யாரேனும் உங்களை அவசரப்படுத்தினால், அதையே சற்று நின்று விசாரிப்பதற்கான அறிகுறியாகக் கொள்ளுங்கள். உழைத்துச் சேர்த்த பணத்திற்கு நாம் செய்யும் மரியாதை அது.