துருவேறா எஃகு

கோவாவில் நண்பர்கள் சிலர் கூட்டாக ஒரு சிறு பாய்ப்படகு வைத்திருக்கிறோம். டிரெய்லரில் மாண்டவிக் கரைக்குக் கொண்டுசெல்வோம். பாய்மரத்தை நிமிர்த்துமுன் அதைத் தாங்கும் கம்பிகளைச் சோதிப்பது என் பொறுப்பு. பளபளப்பை நான் நம்புவதில்லை. துருவேறா எஃகைக் காப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். அது புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். கம்பியின் முனை குழாய்க்குள் அழுத்திப் பொருத்தப்பட்ட இடத்தில் உப்புநீர் தேங்கினால் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. குளோரைடு உள்ளிருந்தே அரிக்கிறது. 316 வகை எஃகில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் உண்டு. அரிப்பு தாமதமாகும், அவ்வளவே.

பஞ்சைக் கம்பியின் மீது ஓட்டுவேன்; அறுந்த இழை அதைப் பற்றிக்கொள்ளும். சென்ற ஞாயிறு 19 இழைகளில் ஒன்று பற்றியது. “மீதி 18 தாங்காதா, அக்கா?” என்றார் முதன்முறை படகேற வந்திருந்த இளைய ஆய்வு மாணவர். பாய்மரத்தடியில் அமரவிருந்தவரும் அவரே. படகு டிரெய்லரிலேயே திரும்பியது.