அசையாத சரக்கு

போன வருடம் ஒரு சனிக்கிழமை, கிள்ளான் லிட்டில் இந்தியாவில் உள்ள புத்தகக் கடை ஒன்றில் நான் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். திருடவில்லை. ஒரு நாவலின் அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய் அதே நூலை இணையத்தில் விலை பார்ப்பதற்காக. திரும்பிப் பார்த்தால் கடைக்கார அங்கிள் பின்னால் நிற்கிறார்.

“எடுத்துக்கங்க தம்பி, பரவால்ல. இப்ப எல்லாரும் எடுக்கிறாங்க. வெளிச்சம் பத்தலன்னா வாசப்பக்கம் கொண்டுபோய் எடுங்க.”

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. அன்று ஒன்றும் வாங்காமலேயே வெளியே வந்தேன். இந்தக் கட்டுரையை அந்த வெட்கத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் எடுத்த நாவலின் இந்திய விலை 300 ரூபாய். வங்கி மாற்று விகிதப்படி சுமார் 16 ரிங்கிட். அங்கிள் கடையில் 30 ரிங்கிட். அவர் கணக்கு எளிது: ரூபாயைப் பத்தால் வகுத்தால் ரிங்கிட். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து இந்தியாவிலிருந்து இணையம் வழி மொத்தமாக வரவழைத்தால், அஞ்சல் செலவோடு 22 ரிங்கிட்டில் முடிந்துவிடும். மின்னூலாக இருந்தால் இன்னும் மலிவு. 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் நூல்கள் வந்ததிலிருந்து நான் வாசித்ததில் பாதி அதில்தான். எட்டு ரிங்கிட் மிச்சம் என்பது ஒரு வேளைச் சாப்பாடு. மாதம் நாலு புத்தகம் வாங்குகிறவனுக்கு அது சின்னத் தொகை இல்லை.

ஆனால் அந்த எட்டு ரிங்கிட்டில் என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. பெட்டி கடல் வழியாக வர வேண்டும். வந்த பத்துப் பிரதிகளில் மூன்று விற்றால் மீதி ஏழும் வருடக்கணக்கில் அலமாரியிலேயே கிடக்கும். திருப்பி அனுப்ப முடியாது. அனுப்பினால் கூலி புத்தக விலையைத் தாண்டிவிடும். ஆக, விற்ற மூன்று பிரதிகள்தான் விற்காத ஏழுக்கும் கடை வாடகை கட்ட வேண்டும்.

இது எனக்கு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். நான் ஓர் இணைய வணிகக் கிடங்கில் பொறியாளர். பொருள்களைப் பிரித்து அனுப்பும் கன்வேயர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் இடத்தில் ஒரு பொருள் எத்தனை நாள் அசையாமல் இருக்கிறது என்பதைக் கணினி எண்ணிக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட நாள் தாண்டினால் அது அறிக்கையில் சிவப்பாக வரும். பிறகு விலை குறையும், அல்லது வெளியேற்றப்படும். சரக்கு அசைய வேண்டும். அசையாத சரக்கு செலவு. இதை நானே புதியவர்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இதே கண்ணோடு அங்கிள் கடையைப் பார்த்தால் முக்கால் கடை சிவப்பாகத்தான் தெரியும்.

2017இல், பல்கலைக்கழக விடுமுறையில், முதன்முதலாக அந்தக் கடைக்குப் போனேன். குறிப்பிட்டு எதையும் தேடிப் போகவில்லை. வெளியே மழை, அவ்வளவுதான். அங்கிள் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், எந்தத் தோட்டம், தாத்தா பேரு என்ன என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்கிற வழக்கமான கேள்விகள். தாத்தா காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர், அவருடைய அண்ணன் ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் போய்த் திரும்பி வரவில்லை என்று சொன்னேன். எங்கள் வீட்டில் அந்தப் பெரிய தாத்தாவைப் பற்றி அந்த ஒரு வரிக்கு மேல் யாருக்கும் தெரியாது. படம்கூட இல்லை.

அங்கிள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், மேல் தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் துணியால் துடைத்துக் கொண்டுவந்தார். ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’. விலைச்சீட்டு மஞ்சளாகிப் போயிருந்தது. “காசு அப்புறம் குடுங்க” என்றார்.

1942இலிருந்து 1943 வரை, 415 கிலோமீட்டர் நீளத்துக்குச் சயாமிலிருந்து பர்மாவுக்குத் தண்டவாளம் போடப்பட்டது. போர்க் கைதிகளின் கதையைப் படமாகப் பார்த்திருக்கிறோம். தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்களின் கதையை நான் பள்ளியில் சரியாகப் படித்ததில்லை. அதைப் பற்றி மலேசியத் தமிழில் ஒரு நாவல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்தப் புத்தகத்தை வீட்டில் அம்மா வாசித்தார், பிறகு மாமா வாங்கிக்கொண்டு போனார். இன்னும் திரும்பி வரவில்லை.

தேடுபெட்டியில் அதைத் தேடியிருக்க முடியாதா? முடியும், பெயர் தெரிந்திருந்தால். தேடுபெட்டிக்கு முதலில் நாம் ஒரு சொல்லைக் கொடுக்க வேண்டும். பரிந்துரைகள் வரும்தான். ஆனால் அவை நான் ஏற்கெனவே வாங்கியதையும், என்னைப் போல் வாங்கியவர்கள் வாங்கியதையும் வைத்து வருகின்றன. என் பெரிய தாத்தா சயாமுக்குப் போனது எந்தச் செயலிக்கும் தெரியாது. உங்க தாத்தா எந்தத் தோட்டம் என்று அது கேட்கப்போவதும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பிரதி அந்தத் தட்டில் எத்தனை வருடம் இருந்ததோ! எங்கள் கிடங்காக இருந்தால் எப்போதோ வெளியேறியிருக்கும். அங்கிள் அதை அசையாமல் வைத்திருந்ததால்தான் மழைக்கு ஒதுங்கியவன் கைக்கு அது வந்தது. அமேசான் 1995இல் புத்தகம் விற்றுத்தான் தொடங்கியது. எந்தக் கடையாலும் எல்லாத் தலைப்பையும் வைத்திருக்க முடியாது, இணையப் பட்டியலால் முடியும் என்பதுதான் அப்போதைய யோசனை. பொறியாளனாக எனக்கு அது அழகான யோசனையாகவே தெரிகிறது. ஆனால் எல்லாம் இருக்கும் இடமும், எனக்கானது காத்திருக்கும் இடமும் ஒன்றில்லை.

இதை வைத்து நிறுவனங்களை வில்லனாக்கவும் எனக்கு மனம் இல்லை. படிக்கும் காலத்தில் என் ஆங்கில நூல்கள் பெரும்பாலும் புக் டெப்பாசிட்டரியிலிருந்து வந்தவை. உலகம் முழுக்க இலவச அஞ்சல். ஸ்கூடாய் விடுதி முகவரிக்கு, இங்கிலாந்திலிருந்து, ஒரே ஒரு புத்தகம்! அதை 2011இல் அமேசான் வாங்கியது, 2023 ஏப்ரல் 26இல் மூடியது. இங்கே எத்தனை பேர் அதை நம்பி வாசித்தோம் என்பது எங்கோ ஒரு கூட்ட அறையில் கணக்கில் வந்திருக்காது. கோபப்படக்கூட ஆள் இல்லை. அங்கிள் கடை மூடினால் குறைந்தது அவரிடம் போய்ச் சண்டை போடலாம்.

மூடுமா என்று அவரிடமே கேட்டேன். அவர் சொன்ன பதிலில் அமேசானும் இல்லை, இணையமும் இல்லை.

“தம்பி, நாவலும் கவிதையும் எனக்கு என்னைக்குச் சோறு போட்டுச்சு? யூபிஎஸ்ஆர் புக்குதான் போட்டுச்சு.”

ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வுக்கான மாதிரி வினாத்தாள்கள், பயிற்சி நூல்கள். நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். வருடா வருடம் பெற்றோர் வந்து கட்டுக் கட்டாக வாங்குவார்கள். அந்த வருமானத்தில்தான் மேல் தட்டு நாவல்கள் தூசியோடு சுகமாக வாழ்ந்தன. 2021இல் யூபிஎஸ்ஆர் ரத்தானது. அடுத்த வருடம் பிடி3 தேர்வும் போனது. பிள்ளைகளுக்கு நல்லதுதான், நானே கைதட்டினேன். ஆனால் அதோடு ஒரு நாவல் அலமாரியின் வாடகையும் போனது எனக்குத் தெரியவில்லை. மிச்சமிருக்கும் பயிற்சி நூல்களும் இப்போது கைப்பேசிச் செயலிகளில் கிடைக்கின்றன. அந்த இடத்தில் அங்கிள் குங்குமமும் சாம்பிராணியும் நாள்காட்டியும் வைத்திருக்கிறார். போன முறை பார்த்தபோது நாவல் அலமாரி மூன்றிலிருந்து ஒன்றரையாகியிருந்தது.

பிரான்சில் 1981 முதல் சட்டம் இருக்கிறது. புதிய நூலுக்கு ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கழிவு தரக் கூடாது. இணையக் கடைகள் இலவச அஞ்சல் என்று ஆரம்பித்தன. அதைத் தடுத்தால் அஞ்சலுக்கு ஒரு சென்ட் என்று வைத்தன. கடைசியில் 2023 அக்டோபரிலிருந்து, 35 யூரோவுக்குக் குறைவான நூல்களுக்குக் குறைந்தது மூன்று யூரோ அஞ்சல் கட்டணம் என்று அரசு நிர்ணயித்தது. இங்கே நமக்கு இருப்பது வருமான வரியில் 2,500 ரிங்கிட் வாழ்க்கைமுறைச் சலுகை. அதில் புத்தகமும் வரும், கைப்பேசியும் வரும், இணையக் கட்டணமும் வரும். ஒரு கைப்பேசி வாங்கினால் சலுகை தீர்ந்தது.

ஆனால் பிரெஞ்சுச் சட்டம் இங்கே வந்தாலும் அங்கிள் கடையின் ஒரு தட்டை அது காப்பாற்றாது. அது உள்ளூர் நூல்கள் இருக்கும் தட்டு. நம்மூர்த் தமிழ் நூல்கள் எப்படி விற்கின்றன என்று இதை வாசிக்கும் பலருக்கும் தெரியும். முந்நூறு பிரதி அச்சடித்து, மண்டபத்தில் வெளியீடு. மாலை, பொன்னாடை, கவரில் பணம். வந்தவர்கள் ஆளுக்கொன்று வாங்குவார்கள். மீதி எழுத்தாளர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில். மறுநாள் அந்த நூல் எங்கே கிடைக்கும்? ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் கவிதைத் தொகுப்பை அங்கிள் கடையில் பார்த்து, பழக்க தோஷத்தில் இணையத்திலும் தேடினேன். எந்தத் தளத்திலும் இல்லை. அந்த நூலுக்குப் போட்டியே கிடையாது. கடை போனால் அதுவும் போச்சு.

பரிகாரம் மாதிரி ஒன்று செய்யத் தொடங்கினேன். சனிக்கிழமைகளில் மடிக்கணினியோடு போய் அங்கிளின் புத்தகங்களை எக்செல்லில் ஏற்றுகிறேன். முகநூலிலாவது பட்டியல் போட்டால் வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள் அல்லவா? தலைப்பு, ஆசிரியர், விலை, பிரிவு என்று நாலு பத்தி. உள்ளூர் நூல்கள் பலவற்றில் பட்டைக்குறி இல்லை. அதனால் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டும். இதுவரை 212 தலைப்புகள்தான் முடிந்திருக்கின்றன.

பிரிவு என்ற பத்தியில்தான் வேலை தாமதமாகிறது. நான் நாவல், கவிதை, வரலாறு என்று எதிர்பார்த்தேன். அங்கிள் சொல்வது வேறு. “இது டீச்சர் வேலைக்குப் புதுசா போறவங்களுக்கு.” “இது வேணாம், ஆனா வச்சுக்க, அவரு பையன் என்னைக்காவது தேடி வருவான்.” “இது சயாமுக்குப் போனவங்க வீட்டுக்கு.”

முதலில் சிரித்துவிட்டு நானே பிரிவைப் போட்டேன். இப்போது ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்த்து, அவர் சொல்வதை அப்படியே தட்டச்சு செய்கிறேன். பட்டியல் எப்போது முடியும், முடிவதற்குள் கடை இருக்குமா, தெரியாது. படம் எடுத்தேனே, அந்த நாவலை 30 ரிங்கிட் கொடுத்து வாங்கிவிட்டேன். அங்கிள் இரண்டு ரிங்கிட் குறைத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.