யாருக்கு இலகு?

வாழைச்சேனையிலிருந்து திருகோணமலைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்றால் வரும் கரையோரக் கிராமம் மாங்கேணி. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் வாசிகசாலைக்கு ஒரு கொடை வந்து சேர்ந்தது. கொழும்பு அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட பழைய சேர்வர் அது. தூக்குவதற்கு இருவர் வேண்டும். மின்சாரம் கொடுத்தால் அரிசி ஆலைபோல் இரையும். கொடுத்தவர்களுக்கு அது பழைய இரும்பு. எங்களுக்கோ, இணையத்துக்குப் பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைகள் தமிழ் விக்கிப்பீடியாவையும் பழைய வினாத்தாள்களையும் படிப்பதற்கு ஒரு வழி.

அதற்குப் பணிசெயல் முறைமை ஒன்று வேண்டும். உரிமம் வாங்க எங்களிடம் பணமில்லை. திறந்த மூல முறைமைகளுக்கு விலையில்லை. அதனினும் மேலாக, அவற்றைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் எவருக்கும் உரிமையுண்டு. டெபியன், பிரீபிஎஸ்டி ஆகிய இரண்டையும் இறுவட்டுகளில் பதிந்துகொண்டு, எது நிறுவுவதற்கு இலகு என்று பார்க்கத் தொடங்கினேன். இரண்டும் 1993இல் தோன்றியவை. முன்னதைத் தொடங்கியவர் இயன் மர்டொக் என்ற மாணவர். பின்னது பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யுனிக்ஸ் மரபின் வாரிசு.

டெபியனின் 11ஆம் பதிப்பு பாதி வழியில் நின்றது. எங்கள் சேர்வரின் வலையமைப்பு அட்டை இயங்குவதற்கு, அதனுள் ஒரு சிறு நிரலை ஏற்றவேண்டும். அந்நிரலின் மூலம் வெளியிடப்படாதது. ஆகவே, 1997இல் வகுத்துக்கொண்ட சமூக ஒப்பந்தத்தின்படி, டெபியன் அதனைத் தன் அதிகாரபூர்வ வட்டில் அப்போது சேர்க்கவில்லை. அதனைத் தனியே கொண்டுவரும்படி திரை கேட்டது. அதை எடுக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு அட்டை வேண்டும். கயிறு கிணற்றுக்குள் கிடக்க, நான் மேலே நின்றேன். அந்நிரலைச் சேர்த்த வேறொரு வட்டு, ‘அதிகாரபூர்வமற்றது’ என்ற பெயரில் இருந்ததை அப்போது நான் அறியேன். கொள்கையை நான் பழிக்கவில்லை. ஆனால் அதன் விலையை அன்று செலுத்தியது எங்கள் ஊர்.

பிரீபிஎஸ்டியோ, அச்சிறு நிரலைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. இரண்டு மின்வெட்டுகளுக்கு இடையே, ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. அது ஆங்கிலத்தில் கேட்டது, நான் விடை கொடுத்தேன், பிள்ளைகள் கைகட்டி நின்றார்கள். அதன் பலனைப் பின்னர் கண்டேன். நான் வராத நாட்களில் ஏதேனும் பிசகினால் சேர்வரும் உறங்கிவிடும். தொட எவரும் துணியவில்லை.

2022 ஒக்டோபரில் டெபியனின் தொண்டர்கள் வாக்களித்துத் தம் ஒப்பந்தத்தைத் திருத்தினர். 2023 ஜூனில் வெளிவந்த 12ஆம் பதிப்பின் வட்டில் அத்தகைய சிறு நிரல்களும் இடம்பெற்றன. அதனை எடுத்துவந்து மீண்டும் முயன்றோம். முதல் திரையின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவி ஒருத்தி அதனைத் தெரிவுசெய்தாள்.

“சேர், இது தமிழில கேக்குது!”

நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். சில வரிகள் ஆங்கிலத்திலேயே நின்றன, அகராதியைப் புரட்டினாள். வன்தட்டைப் பிரிக்குமிடத்தில் தவறிழைத்து, அனைத்தையும் அழித்துவிட்டு மறுநாள் முதலிலிருந்து தொடங்கினாள். இரண்டு நாட்கள் சென்றன.

கடிகாரத்தைக் கேட்டால் பிரீபிஎஸ்டியே இலகு என்று சொல்லும். ஒரு மணி நேரம் எங்கே, இரண்டு நாட்கள் எங்கே? ஆனால் யாருக்கு இலகு என்று கேளுங்கள். அந்த ஒரு மணி நேரம் என்னுடையது. இந்த இரண்டு நாட்கள் அவளுடையவை. இப்போது சேர்வர் நின்றால் அவள் எனக்காகக் காத்திருப்பதில்லை.

இலகு என்பது வட்டோடு தானாக வருவதன்று. யாரோ முன்பே உழைத்து வைத்தது. அட்டைக்குரிய நிரலை முறைமையோடு இணைத்தவர்கள், வாக்களித்தவர்கள், ஊதியம் கருதாது வரி வரியாகத் தமிழாக்கியவர்கள்: அவர்களுள் எவரையும் நாங்கள் கண்டதில்லை. அவர்கள் மாங்கேணியை அறிந்திருக்கவும் நியாயமில்லை.

தமிழாகாமல் நின்ற வரிகளை அம்மாணவி ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த விடுமுறையில் அவற்றைத் தமிழாக்க அமர்கிறோம்.