அகிஹபாராவில் ஒரு காது பரீட்சை

டோக்கியோவுக்குப் போகிறேன் என்று சொன்னதுதான் தாமதம், வீட்டில் ஆளுக்கொரு ஜாபிதா நீட்டினார்கள். மன்னிக்குக் காய்கறி நறுக்கக் கத்தி, குழந்தைகளுக்குப் பென்சில் பெட்டி, அண்ணாவுக்குக் காகித விசிறி. அம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "நீ பத்திரமாப் போயிட்டு வா, அது போதும்" என்றாள்.

ஆனால் அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அப்பா இருந்த காலத்தில் எங்கள் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் பெட்டி பெட்டியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் இருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, யார் தூக்கமும் கெடாமல், ஜெர்மனியில் செய்த ஒரு ஹெட்போனை அதில் மாட்டிக்கொண்டு கச்சேரி கேட்பார். அப்பா காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. அடுக்குமாடி வீட்டுக்கு மாறியபோது, இடமில்லை என்று ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்துவிட்டோம். ஹெட்போனைக் கொடுக்க மனம் வரவில்லை. பழைய கேசட்டுகளை எல்லாம் அண்ணா கைபேசியில் ஏற்றிக் கொடுத்தார். அவற்றில் ஒன்று, எப்போதோ ஒரு நவராத்திரியில் அம்மா பாடியது. அப்பாவே பதிவு செய்தது.

அம்மா ஆசையாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷத்தில் கழற்றிவிட்டாள். "கிணத்துக்குள்ளேருந்து பாடற மாதிரி இருக்குடி."

"எழுபத்தாறு வயசாச்சு. அம்மாவுக்குக் காது மந்தம் ஆரம்பிச்சுடுத்து" என்று அண்ணா மன்னியிடம் மெல்லச் சொன்னார். அவர் மெல்லச் சொன்னது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது! அன்றைக்கு ஹெட்போனை ஆணியில் மாட்டியவள் அதற்கப்புறம் தொடவில்லை. அப்பாவின் பொருள் என்று நாங்களும் தொடுவதில்லை. அதைத்தான் அம்மாவிடம் கேட்டு வாங்கி, புடைவைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்து எடுத்துப் போனேன்.

டோக்கியோவில் நான் தங்கியது உவேனோவில். அங்கிருந்து இளம்பச்சைக் கோடு போட்ட யாமனோதே ரயிலில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் அகிஹபாரா. நம் ரிச்சி தெருவைப் பத்தாகப் பெருக்கி, அதற்கு வர்ண விளக்குப் போட்டு, மேலே ரயிலும் ஓடவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் அகிஹபாரா. ஸ்டேஷனில் ஒரு ரயில்பாதை கீழே, இன்னொன்று அதற்கு மேலே குறுக்காகப் போகிறது. "மின்சார நகரம்" என்று பெயரிட்ட வாசலே ஒன்று தனியாக உண்டு.

ஊரின் பெயருக்கு ஒரு ஸ்தல புராணம் இருக்கிறது. 1869-இல் இங்கே ஒரு பெரிய தீ விபத்து. எரிந்த இடத்தைக் காலி மைதானமாக விட்டு, தீ அண்டாமலிருக்க மறு வருஷம் ஒரு கோயில் கட்டினார்கள். தீயிலிருந்து காக்கும் அகிபா தேவதையின் கோயில் என்று ஜனங்கள் நினைத்தார்கள். மைதானம் அகிபாவின் மைதானமாயிற்று, அதுவே அகிஹபாரா. ரயில் வந்தது 1890-இல்.

மின்சாமான் வந்தது யுத்தத்துக்குப் பிறகு. தோற்றுப்போன தேசத்தில் புது ரேடியோ வாங்க யாரிடம் பணம் இருந்தது? வால்வும் கம்பியும் வாங்கி அவரவரே செய்துகொண்டார்கள். பக்கத்தில் இருந்த மின்பொறியியல் பள்ளியின் மாணவர்கள் ரேடியோ செய்து விற்கத் தொடங்க, தெருவோரத்தில் உதிரிப் பாகக் கடைகள் முளைத்தன. தெருக்கடைகளை எடுத்தாக வேண்டும் என்று 1949-இல் உத்தரவு பிறந்தது. கடைக்காரர்கள் ரயில் பாலத்தின் அடியில் புகுந்துகொண்டார்கள். அந்தச் சந்துகளில் ஒன்றான ரேடியோ சென்டரில் நான் நடந்தேன். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். பூஜைச் சாமான் கடையில் மஞ்சள், குங்குமம் கொட்டி வைத்திருப்பது போல ஸ்விட்சு, திருகாணி, வர்ணக் கம்பி எல்லாம் தட்டுத் தட்டாக இருக்கின்றன. நடுவில் ஒரு பெரியவர், கையெட்டும் தூரத்தில் கடை முழுவதையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேலே ரயில் தடதடக்கிறது.

வெளியே வந்தால் வேறு உலகம். சினிமாப் பொம்மைகள் அடுக்கிய கண்ணாடிக் கடைகள். பணிப்பெண் வேஷம் போட்டுக்கொண்டு காப்பிக் கடைக்கு நோட்டீஸ் கொடுக்கும் இளம் பெண்கள். இவ்வளவையும் தாண்டி, ஹெட்போனும் இயர்போனுமே விற்கும் 'இ-இயர்ஃபோன்' என்ற கடைக்குள் நுழைந்தேன். புடைவைக் கடையில் பிரித்துப் பார்ப்பது போல இங்கே எதையும் காதில் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். கடை நிறையக் கூட்டம். ஆனால் பேச்சுச் சத்தம் இல்லை! அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு சங்கீதத்தில் இருக்கிறார்கள்.

கடைப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். அவர் ஜப்பானியம் பேச, நான் தமிழ் பேச, கைபேசி துபாஷியாக நின்றது. "அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. சத்தத்தை அதிகமாக்கும் கருவி வேண்டும்" என்றேன்.

அவர் அப்பாவின் ஹெட்போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பார்த்த மாத்திரத்தில் "முந்நூறு ஓம்" என்றார். பிறகு என் கைபேசியில் அதை மாட்டி, என்னையே கேட்கச் சொன்னார்.

கேட்டேன். கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரிதான் இருந்தது! சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினேன். அப்போதும் குரல் எங்கோ தூரத்தில்.

எனக்கு வயது முப்பத்துநாலு. என் காதில் எந்தக் குறையும் இல்லை. அப்படியானால் குறை அம்மாவின் காதில் இல்லை! ஆணியில் தொங்கிய அந்த ஹெட்போனும், அதைப் பார்க்காதது போல நடந்துபோகும் அம்மாவும் நினைவுக்கு வந்தார்கள். அங்கேயே அழுகை வந்துவிட்டது. பாவம், அந்தப் பையன் தன்னால் ஏதோ தவறு நேர்ந்ததென்று நாலு தடவை குனிந்து வணங்கினார்.

விஷயம் இதுதான். மேல்மாடிக் குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தால் குழாயைக் குறை சொல்லி என்ன பயன்? தள்ளிவிட அழுத்தம் போதவில்லை. ஹெட்போன் மின்சாரத்தைத் தடுக்கிற அளவைத்தான் ஓம் என்கிறார்கள். கைபேசியோடு பயன்படுத்தவென்று செய்தவை பெரும்பாலும் 16 அல்லது 32 ஓம். கைபேசியின் சக்தியே போதும். 250, 300 என்று இருப்பவை பெரிய ஆம்ப்ளிஃபயரில் மாட்டிக் கேட்கச் செய்தவை. போதாக்குறைக்கு எங்கள் கேசட்டே மெல்லிய பதிவு. ஒலி இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால், மின்சக்தி சுமார் 10 மடங்கு வேண்டும். கைபேசி பாவம், எங்கே போகும்? நடுவில் ஒரு சின்ன மோட்டார் வைக்க வேண்டும். அதுதான் கையடக்க ஆம்ப்ளிஃபயர்.

ஓம் மட்டும் பார்த்தாலும் போதாது. ஒரே ஓம் உள்ள இரண்டு ஹெட்போன்களில் ஒன்று கொஞ்சம் சக்தியிலேயே உரக்கப் பாடும், இன்னொன்று பாடாது. அதனால்தான் ஹெட்போனையும் கைபேசியையும் கையோடு கடைக்கு எடுத்துப் போக வேண்டும். கம்பியில்லாத ஹெட்போன் வைத்திருப்பவர்கள் இந்தச் செலவே செய்ய வேண்டாம். அதற்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது.

பையன் மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது நகைப்பெட்டி கனம். சக்தி அபாரம், விலையும் அப்படியே. இரண்டாவது கட்டைவிரல் அளவு. கைபேசியின் வாயில் செருகினால் போதும். அங்கிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. சத்தம் போதுமானதாக இருந்தது, விலையும் குறைவு. எனக்கென்றால் அதையே வாங்கியிருப்பேன். ஆனால் அதன் பொத்தான்கள் எள்ளுப் போல இருந்தன. அம்மாவின் விரல்களை நினைத்துப் பார்த்தேன்.

மூன்றாவது, யாரோ வைத்திருந்து கொடுத்த பழைய சரக்கு, கீறல் இல்லாமல் இருந்தது. சோப்புக்கட்டி அளவு. சொந்தமாக பாட்டரி உண்டு. கைபேசியின் உயிரைக் குடிக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பக்கத்தில் ஒரு வட்டத் திருகு. திருப்பினால் 'டிக்' என்று உயிர் வந்து, பிறகு மெல்ல மெல்லச் சத்தம் ஏறுகிறது. அம்மா வாழ்நாளெல்லாம் பழகிய ரேடியோத் திருகு!

அதை மாட்டி மறுபடியும் கேட்டேன். கிணறு காணாமல் போயிற்று. அம்மா பைரவியை ஆரம்பிக்கிறாள். பின்னால் ஒரு குழந்தையின் கொலுசுச் சத்தம், ஒருவேளை நான்தானோ? சட்டென்று நிறுத்திவிட்டேன். மேலே கேட்கவில்லை. முதலில் கேட்க வேண்டியவள் அம்மா.

விலை பன்னிரண்டாயிரம் யென். நம் பணத்தில் ஏழாயிரம் ரூபாய் சுமாருக்கு. கைபேசியையும் இதையும் இணைக்கும் கம்பி, கைபேசியின் துவாரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கினேன். மேஜையில் வைக்கும் பெரிய ஆம்ப்ளிஃபயர்களும் அங்கே மலிவாகத்தான் இருந்தன. ஆசைப்படக் கூடாது. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நம் வீட்டில் 230. அந்த ஊருக்கு மட்டுமென்று செய்த பெட்டியை இங்கே நேரே செருகினால் பெட்டி போயே போய்விடும். சின்னக் கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை, கைபேசி போல சார்ஜ் செய்துகொள்ளலாம். ஆனால் பாட்டரி உள்ளதாகையால், விமானத்தில் கைப்பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

புறப்படும்போது பையன் மூன்று விஷயம் சொன்னார். ஹெட்போனை மாட்டுமுன் திருகைப் பூஜ்யத்தில் வை. 'குறைந்த பலம், கூடிய பலம்' என்று ஒரு ஸ்விட்சு இருக்கிறது. குறைந்ததில் தொடங்கு, போதாவிட்டால் மட்டும் மாற்று. காதுக்குள் செருகும் நுட்பமான சின்ன இயர்போன்களை இதில் போடாதே; 'உஸ்' என்ற இரைச்சல் கேட்கும், சத்தமும் திடீரென்று தூக்கி அடிக்கும்.

நான் இன்னொன்றைச் சேர்க்கிறேன். உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. 80 டெசிபல் சத்தத்தை வாரத்தில் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். ஆம்ப்ளிஃபயர் ஹெட்போனுக்குப் பலம் தரும். காதுக்குப் பலம் தராது. எதிரே உட்கார்ந்து பேசுவதே கேட்கவில்லை என்றால், போக வேண்டிய இடம் அகிஹபாரா அல்ல. காது டாக்டர் வீடு.

ரயிலேறுமுன் பக்கத்திலிருந்த கண்டா மியோஜின் கோயிலுக்கும் போனேன். கம்ப்யூட்டர் தகவல்களைக் காக்கவே ஒரு ரட்சை விற்கிறார்கள்! 'அம்மாவின் பாட்டு அழியாமல் இருக்கட்டும்' என்று ஒன்று வாங்கிக்கொண்டேன். ஊர் திரும்பியதும் அந்தப் பாட்டை இன்னும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்தும் வைத்தேன். தெய்வத்தின் மேல் பாரத்தைப் போட்டாலும் நம் வேலையை நாம் செய்ய வேண்டுமல்லவா?

வீடு வந்த மறுநாள் விடியற்காலை. திருகைப் பூஜ்யத்தில் வைத்து அம்மாவின் கையில் கொடுத்தேன். 'டிக்'. மெல்லத் திருப்பினாள். அண்ணா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் முகம் மாறிற்று. தன் குரலைக் கேட்டுச் சிரித்தாள். பாட்டு முடிகிற சமயம் திடீரென்று நிமிர்ந்தாள்.

"உங்க அப்பா இருமறார்டி!" என்றாள். சற்றுப் பொறுத்து, "பேஷ்னு சொன்னார்" என்றாள்.

அண்ணா அருகில் வந்து, "நன்னாக் கேக்கறதா அம்மா? இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா?" என்று திருகின் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

அம்மா அவர் கையைத் தடுத்து, திருகை ஒரு நூல் குறைத்தாள்.

"வேண்டாம். அவர் எப்பவும் மெதுவாத்தான் பேசுவார்."