ஒற்றைக்கல் மூக்குத்தி

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், பட்டா நகலைத் தேடி இரும்பு பீரோவின் அடித்தட்டைக் குடைந்தபோது அந்துருண்டையும் ஈரம் ஏறிய தோலும் கலந்த வாசனை எழுந்தது, அதற்கடியில் மூக்குப்பொடியின் காரமும் இருப்பதாகப் பட்டது, பெரியப்பா போய் இத்தனை வருஷத்துக்குப் பிறகு அதற்கு வழியில்லை, ஆனாலும் அந்தத் தோலுறையின் பொத்தானை விடுவிக்கும் முன்பே நான் திருவண்ணாமலை வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டேன்.

பெரியப்பா மெட்ராஸ் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய யாஷிகா எலக்ட்ரோ 35 கேமரா அது, வேட்டி நுனியால் முன்பக்கத்துச் சின்னக் கண்ணாடிகளைத் துடைக்காமல் கண்ணருகே கொண்டுபோகமாட்டார். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் பெரியம்மாவைக் காட்டி, "முகத்தைப் பாக்காதடா, மூக்குத்தியைப் பாரு, ரெண்டா தெரியுதா?" என்பார். தெரியும், கண்ணாடிக்குள் திண்ணையும் தெருவும் துளசிமாடமும் எல்லாமே பளிச்சென்று இருக்கும், நடுவில் மஞ்சள் பூத்த ஒரு சிறு கட்டத்துக்குள் மட்டும் பெரியம்மாவுக்கு இரண்டு மூக்குத்தி இருக்கும், லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப ஆவிபோன்ற இரண்டாவது கல் நகர்ந்து வந்து முதல் கல்லோடு ஒட்டும், ஒட்டிய இடத்தில் நிறுத்தவேண்டும். சில விரற்கடை தள்ளியிருக்கும் இரண்டு ஜன்னல்கள் வழியாக வரும் இரண்டு பார்வைகளை உள்ளே ஒரு அரைக்கண்ணாடி ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுகிறது, நம் இரண்டு கண்கள் செய்கிற வேலைதான் என்று அவர் விளக்கியது பின்னால்தான் புரிந்தது. அந்தக் கேமரா தெளிவைக் காட்டுவதில்லை, தூரத்தை அளக்கிறது. அதனால்தான் அவர் ஒவ்வொரு முறையும் வளையத்தைக் குனிந்து பார்த்து, "ஆறடி" என்று பெரியம்மா காதில் விழும்படிச் சொல்லுவார்.

கடைத்தெரு ஸ்டுடியோவில் வேறு மாதிரி. ஹைப்போ நெடி அடிக்கும் அந்த அறையில் மரக்கேமராவின் கறுப்புத் துணிக்குள் ஒருமுறை என்னை நுழையவிட்டார்கள், மங்கல் கண்ணாடியில் பெரியம்மா தலைகீழாக உட்கார்ந்திருந்தார், ஸ்டுடியோக்காரர் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்த, கலங்கல் தெளிவதுபோல முகம் மெல்ல வந்தது. பிறகு தகட்டைச் செருகிவிட்டு வெளியே வந்து, ஆளை நேராகப் பார்த்தபடி லென்ஸ் மூடியைக் கழற்றி, மூன்று எண்ணி மூடினார்.

முதல் சம்பளங்களைச் சேர்த்து நான் வாங்கியது எஸ்.எல்.ஆர்., லென்ஸ் பார்ப்பதையே சாய்ந்த கண்ணாடி ஒன்று மேலே திருப்பி நமக்குக் காட்டும், படம் முழுக்கக் கலங்கி முழுக்கத் தெளியும், பூவின்மேல் ஊரும் எறும்பையும் கோபுர உச்சிப் பொம்மையையும் எடுக்க அதைவிட்டால் வேறில்லை, எண்பது சென்டிமீட்டருக்குள் நெருங்க முடியாத யாஷிகா அங்கே தோற்றுப்போகும். பெரியப்பா வாங்கிப் பார்த்து ஒரு தடவை அழுத்தினார், கண்ணாடி மடங்கி எழுந்து கண்முன் ஒரு நொடி இருட்டியது. "எடுக்குற நேரத்தை நீயே பாக்கலையேடா" என்றார், அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

யாஷிகாவின் அந்தத் தூரமளக்கும் வித்தை ஒரேயடியாக வந்ததல்ல, லைக்கா கேமரா 1925-ல் லைப்சிக் சந்தைக்கு வந்தபோது தூரத்தைக் குத்துமதிப்பாகத்தான் வைத்தார்கள், 1932-ல் லென்ஸோடு பிணைத்த தூரமானி வந்தது, ஆனாலும் தூரம் பார்க்க ஒரு துளை, காட்சி பார்க்க பக்கத்தில் இன்னொன்று, இரண்டையும் ஒன்றாக்கிய எம்3 வந்தது 1954-ல். 1950 ஏப்ரலில் ரமணரின் கடைசி நாட்களில் ஆசிரமத்துக்கு வந்திருந்த புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோனும் அந்த இரட்டைத் துளை லைக்காக் காலத்தவர்தான், நம்ம ஊரில் அப்படி ஒருவர் நடமாடினார் என்பதைப் பெரியப்பா வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டுச் சொல்லுவார்.

கார்த்திகை தீபத்தன்று அவர் மொட்டைமாடிக்குப் போவது கும்பிட மட்டுமல்ல, வளையத்தை முடிவிலிக்குத் திருப்பி, மலையுச்சி ஜோதி அந்த மஞ்சள் கட்டத்துக்குள் ஒன்றாகத் தெரிகிறதா என்று பார்ப்பார், எங்காவது இடிபட்டால் தூரமானி தடம் பிசகிவிடும், பிசகினால் ஊருக்கெல்லாம் ஒரு தீபம், அவருக்கு மட்டும் இரண்டு. சுவருக்கும் ஜன்னல் கம்பிக்கும் அது தடுமாறும் என்பதும் அவர் சொன்னதுதான், வெறும் சுவரில் பிடிக்க ஒரு கோடு இருக்காது, கம்பியிலோ ஒன்று அடுத்ததோடு ஒட்டிக்கொண்டு ஏமாற்றும்.

இப்போது பேத்தியின் போனில் முகத்தைச் சுற்றி ஒரு சதுரம் வருகிறது, எல்லாம் முடிந்துவிடுகிறது. 1985-ல் வந்த மினோல்டா 7000 கேமரா, லென்ஸ் வழியே வரும் ஒளியை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டு மோட்டாரால் சேர்த்தது, இன்றைய போன்கள் பலவற்றிலும் அந்த இரட்டை இருக்கிறது, நமக்குக் காட்டுவதில்லை என்பதுதான் எனக்குக் குறை.

உறையிலிருந்து எடுத்தபோது வளையம் கடைக்கோடியில் நின்றது, எண்பது சென்டிமீட்டரில். பெரியப்பா எடுத்த கடைசிப் படங்கள் பெரியம்மா கட்டிலோடு கிடந்த மாதங்களில் எடுத்தவைதான். பேட்டரி எப்போதோ செத்திருந்தது, தூரமானிக்கு அது வேண்டாம், கண்ணில் வைத்தேன், ஜன்னலோரம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பேத்தியின் ஒரு காதில் இரண்டு கம்மல் மின்னின, வளையத்தைத் திருப்ப மனம் வரவில்லை, கேமராவை இறக்காமல் நானே அடிமேல் அடிவைத்துப் போனேன், இரண்டும் நெருங்கி, நெருங்கி, ஒட்டின.

"என்ன தாத்தா, இவ்ளோ கிட்ட வந்துட்டீங்க?" என்றாள்.